நானூற்றுப் பன்னிரண்டாவது வசவு

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். அந்த வாயை வைத்துத்தான் நன்னீர்க் கட்சியில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டினேன். எங்கள் கட்சிக் கூட்டத்தில் எப்போதாவது எதிராளியை நினைத்து நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருந்தால், அந்த வரியை எழுதியது அநேகமாக நானாகத்தான் இருக்கும். பெயர் சண்பகக்கனி. சொந்த ஊர் கடையநல்லூர். குடியிருப்பது திருச்சியில், கட்சித் தலைமை அலுவலகத்துக்குப் பின்தெருவில்.

இப்படிப்பட்ட என்னை ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்து, "உங்களுக்குத் தெரிஞ்ச திட்டெல்லாம் வரிசையாச் சொல்லுங்க அக்கா" என்றாள் ரெஜினா.

ரெஜினா கோயம்புத்தூர்க்காரி. நாற்பது வயது, கண்ணாடி, எதற்கும் பதறாத முகம். எங்கள் அணிக்காக அந்த மெஷினை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்தவள். அதற்கு வாக்காளர் சலன விளக்கி என்று பெயராம். சுருக்கமாக வாசவி.

"எல்லாத்தையுமா?" என்றேன்.

"எல்லாத்தையுமேங்க. கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம், சட்டம் விடாது."

"எதுக்கு இந்தக் கூத்து?"

ரெஜினா பொறுமையாகச் சொன்னாள். "நம்ம கட்சியில பதினோரு லட்சம் உறுப்பினர் இருக்காங்க. எல்லார் கையிலயும் நாடி பார்க்கற பட்டை இருக்கு. நீங்க சொல்ற வார்த்தைகள கட்சி வானொலியில செய்திக்கு நடுவுல ஒண்ணொண்ணாத் தூவி விடுவோம். யாருக்கு எந்த வார்த்தை கேட்டதும் நாடி துள்ளுதுன்னு வாசவி குறிச்சுக்கும். அப்புறம் அவங்கவங்களுக்கு அவங்கவங்க வார்த்தை. நம்மை எதிர்த்து நிக்கற அகிலாண்டத்தப் பத்தி, 'அகிலாண்டம் ஒரு இன்னது'ன்னு விளம்பரம். ஒரே திட்டை எல்லாருக்கும் திட்டினா பாதிப் பேருக்கு உறைக்காதுங்க. இதுல ஒவ்வொருத்தருக்கும் உறைக்கும்."

"நாடி பார்க்க அவங்க சம்மதிச்சாங்களா?"

"அட்டை புதுப்பிக்கறப்ப கையெழுத்துப் போட்டாங்களே."

அந்தத் தாளில் நானும்தான் போட்டிருந்தேன். யார் படித்தார்கள்!

முதலமைச்சர் பதவி போய், மாநில அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்து இது மூன்றாவது தேர்தல். அதற்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்று உறுப்பினர்களிடம் ஓட்டெடுக்க வேண்டும். முன்தேர்தல் என்று பெயர். எங்கள் கட்சியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் எங்கள் அண்ணாச்சி, சங்கரன்கோவில் திருமலைக்கொழுந்து. அறுபத்தேழு வயது. ஏற்கெனவே இரண்டு முன்தேர்தலில் தோற்றவர். இந்தத் தடவையும் போனால் அவ்வளவுதான், அடுத்த தேர்தலுக்கு எழுபதைத் தாண்டிவிடும், கட்சி விதி விடாது. இன்னொருத்தி, ஸ்ரீரங்கம் அகிலாண்டம்.

நான் வசவு சொல்ல ஆரம்பித்தேன். எருமை, தத்தி, மக்கு, தண்டம், மூதேவி, கூறுகெட்டவள், விளங்காதவள், அவசரக்குடுக்கை. ஜில்லா ஜில்லாவாகப் போனேன். ரெஜினா காபி வாங்கிக் கொடுத்தாள், நான் திட்டினேன். டிபன் வந்தது, சாப்பிட்டுவிட்டுத் திட்டினேன். எல்லாம் என் குரலிலேயே பதிவானது. போலிக் குரல் கலவரங்களுக்குப் பிறகு வந்த சட்டம் அப்படி. யாரையாவது தாக்கி விளம்பரம் செய்தால், எழுதிய ஆளே சொந்தக் குரலில் பேச வேண்டும், பெயரையும் சொல்ல வேண்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஊருக்கே கேட்கிற குரல்.

நானூற்றுப் பதினொன்றில் நின்றுவிட்டேன்.

"இன்னும் ஒண்ணு சொல்லுங்க அக்கா, இரட்டைப் படையா முடிச்சுரலாம்" என்றாள் ரெஜினா.

வாயில் வந்ததைச் சொன்னேன். "பால்பொங்கி."

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள். "இது திட்டாங்க? பால் பொங்கறது நல்லதுதானே? பொங்கலன்னைக்கு 'பால் பொங்குச்சா'ன்னுதானே கேக்கறோம்?"

"அடுப்பத் துடைக்கிறவ கிட்ட கேட்டுப் பாரு, திட்டா இல்லையான்னு."

அவள் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தையை நான் உண்டாக்கியதே ஒரே ஒருத்திக்காக. அவளைத் தவிர வேறு யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அகிலாண்டமும் நானும் ஒரே வருஷம் கட்சிக்கு வந்தோம். எனக்கு அவள் இரண்டு வயது சின்னவள். உறையூரில் கட்சி மகளிர் விடுதியில் ஒரே அறை. எட்டு வருஷம். காலையில் பால் வைப்பது அவள் வேலை, காபி போடுவது என் வேலை. அவள் பாலை வைத்துவிட்டு நியூஸில் மூழ்கிவிடுவாள். விடுதி அடுப்பு, பால் ஏறினால் தானாக அணையும் அடுப்புதான். ஆனால் சீக்கிரம் காயட்டும் என்று அந்த வசதியை நிறுத்திவிட்டு வைப்பாள் மகராசி. தினமும் பொங்கும். தினமும் நான் துணியை எடுத்துக்கொண்டு, "ஏட்டி பால்பொங்கி!" என்று கத்துவேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடி வருவாள். கல்யாணமாகி நான் வேறு வீடு போன பிறகும் எங்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் கிடையாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மாவட்டத் தலைவர் தேர்தலில் அவள் அண்ணாச்சிக்கு எதிராக நின்றாள். ஏரி உடைந்த ஒரு கிராமத்தில் பேசும்போது மேடையிலேயே அழுதுவிட்டாள். அவள் அப்பா இறந்து அன்றைக்குப் பதினேழாம் நாள். அது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. தெரிந்திருந்தும் மறுநாள் அண்ணாச்சி பேச்சில் நான் ஒரு வரி வைத்தேன். "கண்ணீரைக் காட்டி ஓட்டு வாங்கலாம், தண்ணீர் வாங்க முடியுமா?"

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அவள் தோற்றாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். என் வீட்டுக்காரர் இறந்தபோது மாலையை அனுப்பினாள், ஆள் வரவில்லை. போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாய் நீளம் என்றேனே, அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அது நீளவில்லை.

விளம்பரம் ஆரம்பித்தபோது கருத்துக்கணிப்பில் அண்ணாச்சி 48 சதவீதம், அகிலாண்டம் 44. மீதிப் பேர் முடிவு செய்யாதவர்கள்.

ஒரு வாரம் போனது. அகிலாண்டம் 49.

"பரவால்லைங்க, நாடி எல்லாருக்கும் துள்ளுது. வாசவி நூத்துக்கு நூறு வேலை செய்யுது" என்றாள் ரெஜினா.

இரண்டாவது வாரம் 54.

அண்ணாச்சி அவித்த கடலையைக் கொறித்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா ரெஜினா, நாம அவளத் திட்டுதோமா, இல்ல அவளுக்கு ஓட்டுக் கேக்கோமா?"

மதுரையிலிருந்து ஒரு சுவரொட்டிப் படம் வந்தது. அகிலாண்டம் கும்பிடுகிற படம், அதற்குக் கீழே, "எங்கள் வீட்டு எருமைக்கே எங்கள் ஓட்டு!" கையெழுத்துப் போட்டிருந்தது எதிரணி இல்லை. அதுவரை எங்கள் பக்கம் இருந்த செல்லூர்க் கிளை. தஞ்சாவூரில் ஒரு கூட்டத்தில் அகிலாண்டம் மேடை ஏறியதும் நாற்பது பெண்கள் எழுந்து, "வாடி தத்தி!" என்று கத்தினார்களாம். அவளும் சிரித்துவிட்டாளாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முப்பத்தோரு வருஷ அனுபவத்தில், திட்டு வாங்கி வளர்ந்த வேட்பாளரை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில்தான் உறைத்தது. நானும் உறுப்பினர்தானே, எனக்கும் ஒரு விளம்பரம் வந்திருந்தது. எழுதியவளே நான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று பத்து நாளாகத் திறக்காமல் போட்டிருந்தேன். அன்றைக்கு இட்லி வெந்துகொண்டிருந்தது. சும்மா தட்டினேன்.

"நான் சண்பகக்கனி பேசுகிறேன். அகிலாண்டம் ஒரு கோட்டி. கோட்டிக்கு ஓட்டுப் போடலாமா?"

என் குரல்தான். ஆனால் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் பரமசிவம் ஒரு நாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். "ஏ கோட்டி, குடையை எடுத்துட்டுப் போ." "கோட்டி, சாப்பிட்டியா?" ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசினதும், "அழாத கோட்டி" என்றுதான். நாலு வருஷமாக அந்த வீட்டில் அந்தச் சத்தமே இல்லை. நான் இட்லிச் சட்டியை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது. அதோடு, அந்த அகிலாண்டத்தை உடனே போய்ப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

அட பாவிகளா!

சேலையைக்கூட மாற்றாமல் அலுவலகத்துக்கு ஓடினேன். அண்ணாச்சியும் ரெஜினாவும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெஜினா, உன் வீட்டுல உன்ன எப்படித் திட்டுவாங்க?"

"என்னையா? எங்கப்பா 'தண்டச்சோறு'ம்பாரு. எதுக்குங்க?"

"உனக்கு வந்த விளம்பரத்துல என்ன வார்த்தை?"

ரெஜினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் முதல் தடவையாக அவள் பதறிப் பார்த்தேன்.

"தண்டச்சோறுதாங்க" என்றாள்.

"நாடி துள்ளுதுன்னியே, கோவத்துல துள்ளுதா, பாசத்துல துள்ளுதான்னு உன் மெஷினக் கேட்டியா?"

"அது தெரியாதுங்க. துள்ளறது மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

"போச்சு! நம்ம ஊருல எவன் முகம் தெரியாதவன் திட்டித் திரும்பிப் பாக்கான்? திட்டுனா திரும்ப வைக்கிறது பெத்தவளும் கட்டுனவனும்தான். ஒவ்வொருத்தன் வீட்டுலயும் அவனுக்குன்னு ஒரு வசவு இருக்கு. உன் வாசவி அதத் தேடிப் புடிச்சு, பதினோரு லட்சம் வீட்டுலயும் அகிலாண்டத்தக் கூட்டிட்டுப் போய் சாப்பாட்டுத் தட்டு முன்னால உக்கார வச்சிருக்கு. கேக்கிறவன் என்ன நினைப்பான்? 'நம்ம வீட்டுப் புள்ளயில்ல'ன்னு நினைப்பான்!"

அண்ணாச்சி கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. "சிரிக்காதீய அண்ணாச்சி!" என்றேன். அவருக்கு அடக்க முடியவில்லை, எனக்கும் தொற்றிக்கொண்டது.

சிரித்து ஓய்ந்ததும், "அப்ப அதே வசவ என் மேல போடுங்கம்மா. நானும் நாலு வீட்டுல எருமையா இருந்துட்டுப் போறேன்" என்றார்.

"இனி ஒட்டாதுங்க" என்றாள் ரெஜினா. "அந்த இடத்துல ஏற்கெனவே ஒருத்தங்க உக்காந்தாச்சு. ஆனா வேற ஒரு வழி இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "பழைய பேச்சுகளையும் வாசவிகிட்ட குடுத்திருந்தேன். அதுல ஒரே ஒரு வரிக்கு மட்டும் யாருக்கும் நாடி துள்ளலை. அடங்குது. கேட்டவங்களுக்கு அகிலாண்டம் மேல ஒரு சலிப்பு வருது. அத வெளியிட்டா ஒன்பது சதவீதம் இறங்குவாங்க. நாம ஜெயிச்சுருவோம்."

எந்த வரி என்று நான் கேட்கவில்லை. அண்ணாச்சியும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

"உங்க குரல்ல புதுசாப் பேசணும்க்கா. சட்டப்படி நீங்க ஒத்துக்கணும்."

ஓட்டெடுப்புக்கு இன்னும் நாலு நாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இருபது வருஷமாக எனக்குச் சோறு போட்ட மனுஷன். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாள் வராந்தாவில் என்கூட உட்கார்ந்திருந்தவர். 'பேசு' என்று அவர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, என்ன மன்னிச்சிருங்க" என்றேன். "நானூத்துப் பன்னிரண்டு வசவு சொன்னேன், எதுக்கும் நான் வெக்கப்படல. வசவுங்கிறது மூஞ்சிக்கு நேரா சொல்றது. திட்டிட்டு, சாப்பிட வாரியான்னு கேக்கிறது. இது அது இல்ல. அப்பன் செத்த பதினேழாம் நாள் துக்கத்துல அழுதவள, தெரிஞ்சே சந்தி சிரிக்க வச்சேன். ஒரு தடவ செஞ்சதுக்கே பன்னிரண்டு வருஷமா எனக்குத் தொண்டையில முள்ளு. இன்னொரு தடவ என் வாயில அது வராது. உங்களுக்குத் தோல்வி வந்தா அது என்னால வந்ததுன்னு வச்சுக்கிடுங்க."

அவர் கையிலிருந்த கடலையை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தார்.

"அப்பா செத்த பதினேழாம் நாளா?" என்றார்.

"ஆமா."

"எங்கிட்ட நீ அத அன்னைக்குச் சொல்லலயே கனி."

"சொல்லல."

"சொல்லியிருந்தா நான் பேசியிருக்க மாட்டேன்." கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "சவம், அந்த வரிய விடு. மெஷினையும் நிறுத்துங்க. நாலு நாளைக்கு நாலு ஊருல தண்ணியப் பத்திப் பேசுவோம். அதுக்குத்தான கட்சி ஆரம்பிச்சோம்."

நாலு ஊரில் பேசினார். எழுதிக் கொடுக்காமலே நன்றாகப் பேசினார். ஓட்டெடுப்பில் அகிலாண்டம் 52.6, அண்ணாச்சி 47.4. தோற்றாலும் மனுஷன் கம்பீரமாகத் தோற்றார். முதல் ஆளாக அகிலாண்டத்துக்குப் போன் போட்டு வாழ்த்தினார். அரைமணி நேரம் என்னதான் பேசினார்களோ, வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. "துணை அதிபருக்கு நிக்கச் சொல்லுதா. யோசிக்கணும்" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை, ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் ரெஜினா வாசவியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். போவதற்கு முன் ஒரு பட்டியலை நீட்டினாள். "உங்க ஞாபகத்துக்கு வச்சுக்கங்க அக்கா. எந்த வசவு எத்தனை பேருக்குப் போச்சுன்னு கணக்கு. பேரெல்லாம் அழிச்சாச்சு."

எருமைதான் முதலிடம். ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் வீடு. எனக்குப் பெருமையாக இருந்தது. தத்தி, மக்கு, தண்டச்சோறு என்று இறங்கிக்கொண்டே வந்தேன். கோட்டி முப்பதாயிரம். முப்பதாயிரம் கோட்டிகளா, பரமசிவத்திடம் சொன்னால் சிரிப்பார்.

கடைசி வரி. நானூற்றுப் பன்னிரண்டு. பால்பொங்கி. எண்ணிக்கை, ஒன்று.

"இது யாருக்குப் போச்சு?"

"பேரு தெரியாதுங்க. கிளை மட்டும்தான் இருக்கு." குனிந்து பார்த்தாள். "ஸ்ரீரங்கம்."

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. வாசவி பதினோரு லட்சம் பேருக்கும் அனுப்பியது. அகிலாண்டமும் உறுப்பினர்தான். விளம்பரம் யாரைத் திட்டுகிறது என்று அந்த மெஷினுக்கு என்ன கவலை, அவளுக்கும் ஒன்று அனுப்பிவிட்டது. முதல் வாரமே அனுப்பிவிட்டது. "நான் சண்பகக்கனி பேசுகிறேன். அகிலாண்டம் ஒரு பால்பொங்கி." எந்த வீட்டிலும் இல்லாத வசவு, என் குரலிலேயே.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. எண் எனக்கு மனப்பாடம். பன்னிரண்டு வருஷமாகக் கூப்பிடாத எண்ணை மறக்கவா முடியும்? எடுத்தேன். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. எனக்கோ, வாழ்த்துச் சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா, எதை முதலில் சொல்வது என்று நாக்குப் புரளவில்லை. ஏதோ ஒரு சமையலறைச் சத்தம் கேட்டது. பாத்திரம் ஒன்று மெல்ல முனகியது. அப்புறம் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் எட்டு வருஷம் தினமும் கேட்டிருக்கிறேன்.

"ஏட்டி பால்பொங்கி! அடுப்ப அணைட்டி!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

"பொங்கட்டும் கனிக்கா" என்றாள். "அண்ணாச்சி எல்லாம் சொன்னாரு. நீங்க வாங்க. காபி போட ஆள் இல்ல."

"அகிலா, அந்த வரி... நான் அன்னைக்குச் செஞ்சது தப்புட்டி."

"தப்புதான்" என்றாள். "வந்து அடுப்பத் துடைங்க."

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போதுதான் யோசித்தேன். இந்தக் காலத்து அடுப்பெல்லாம் பால் ஏறும்போதே தானாக அணைந்துவிடும். என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால், அந்தக் கழுதை அந்த வசதியை நிறுத்தி வைத்திருக்கிறாள்.